பேருந்துத் தனித்தடம்: திட்டமிடும்போதே நேரும் தவறுகள்

நெரிசல் மிகுந்த நகரத்தில் பேருந்துக்குத் தனித்தடம் ஒதுக்க முற்படுவோர், சாலையின் அகலத்தை அளந்து கோடு போட்டுவிட்டால் பேருந்து விரைந்துவிடும் என்று நம்பிவிடுகிறார்கள். ஆனால் தடம் காலியாக இருந்தாலும், நிறுத்தத்திலும் சந்திப்பிலும் பேருந்து நின்றுதான் ஆகவேண்டும். நிறுத்தத்தைப் பற்றி யோசிக்காமல் தடத்தை வரைவதையே முதல் தவறாக நான் கருதுகிறேன்.

ஒரே வாசல் வழியாக 20 பேர் ஏற, ஆளுக்கு 3 நொடி பிடித்தால் அங்கேயே ஒரு நிமிடம் போய்விடும். முந்திச் செல்ல இடமில்லையென்றால் பின்னால் வரும் பேருந்துகளும் அந்த நிமிடத்தை இழக்கும். 1974-இல் தனித்தடப் பேருந்தைத் தொடங்கிய பிரேசிலின் குரிடிபா நகரம், 1991-இல் குழாய் வடிவ நிலையங்களைக் கட்டி, உள்ளே நுழையும்போதே கட்டணத்தைப் பெற்று, பேருந்தின் தளத்துக்குச் சமமான மேடையிலிருந்து பயணிகளை ஏற்றியது இந்த இழப்பைக் குறைக்கத்தான். கொலம்பியாவின் பொகோட்டாவில் 2000-இல் தொடங்கிய டிரான்ஸ்மிலேனியோ என்ற தனித்தடப் பேருந்துச் சேவையில் நிலையங்களை ஒட்டி முந்து தடமும் இருப்பதால், நின்றிருக்கும் பேருந்தை விரைவுப் பேருந்து கடந்து போகிறது. திட்டமிடுவோர் இடமில்லை என்று சொல்லி முந்து தடத்தைத்தான் திட்டத்திலிருந்து முதலில் நீக்குகிறார்கள். நிலையம் கட்டி முடிந்தபின் அதைச் சேர்ப்பது மிகக் கடினம்.

சந்திப்பைக் கவனிக்காமல் விடுவது அடுத்த தவறு. தில்லியில் 2008-இல் அம்பேத்கர் நகருக்கும் மூல்சந்துக்கும் இடையே ஏறத்தாழ 5.8 கிலோமீட்டர் நீளத்துக்குச் சாலையின் நடுவே தடம் அமைத்தார்கள். நிறுத்தங்கள் சந்திப்புகளை ஒட்டியே இருந்தன. பேருந்துக்கும் வலப்புறம் திரும்பும் வண்டிகளுக்கும் தனித்தனியே பச்சை விளக்கு தரவேண்டியிருந்ததால் சிக்னல் சுற்று நீண்டு, எல்லோருமே காத்துக் கிடந்தார்கள். 2016-இல் அந்தத் தடம் அகற்றப்பட்டது. இத்தனை குறுகிய தூரத்தில் தடம் போட்டால், அதைக் கடந்தவுடன் பேருந்து மீண்டும் நெரிசலில் சிக்குகிறது என்பதையும் இங்கே சொல்லவேண்டும்.

வண்டிகளை மட்டும் எண்ணி ஆட்களை எண்ணாமல் விடுவதும் தவறுதான். 60 பேர் அமர்ந்த ஒரு பேருந்தும் ஒருவர் மட்டும் ஓட்டிவரும் ஒரு காரும் கணக்கெடுப்பில் ஒவ்வொரு வண்டியாகப் பதிவானால், தனித்தடம் எப்போதும் வெறுமையாகவே தோன்றும். எதிர்ப்பும் அங்கிருந்துதான் கிளம்பும்.

சாலை நடுவிலுள்ள நிலையத்துக்குப் பயணி எப்படி வந்து சேர்வார் என்பதைக் கடைசியில் யோசிப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. படிக்கட்டு நடைமேம்பாலம் ஒன்றை மட்டும் கட்டிவைத்தால், முதியவரும் குழந்தையைத் தூக்கி வரும் தாயும் ஓடும் வண்டிகளுக்கு நடுவேதான் சாலையைக் கடப்பார்கள். சாலை மட்டத்திலேயே சிக்னலோடு கூடிய கடவைப்பாதை வரைபடத்தின் முதல் தாளிலேயே இடம்பெற வேண்டும்.