சோதனை பீஸ் அறுக்கும் முன் தடிமனைக் கணக்குப் போடுங்கள்

தஞ்சாவூர், திருச்சி பக்கம் உலோகவியல் ப்ராஜெக்ட் செய்யும் தம்பி தங்கைகளுக்கு ஒரு விஷயம். முறிவு உறுதிச் சோதனைக்கு (விரிசல் விழுந்த உலோகம் உடையாமல் எவ்வளவு தாங்கும் என்று பார்ப்பது), கையில் கிடைத்த 10 மி.மீ. பிளேட்டைப் பட்டறையில் கொடுத்து அறுத்துவிட்டு அப்புறம் கணக்குப் போடாதீர்கள். காசும் போகும், ரிசல்ட்டும் செல்லாது.

ஏஎஸ்டிஎம் என்ற தரநிலை அமைப்பின் ஈ399 முறையில் போகிறீர்களா? முறிவு உறுதியின் அளவான கேஐசி மதிப்பை ஈல்டு வலிமையால் (உலோகம் நிரந்தரமாக உருமாறத் தொடங்கும் அழுத்தம்) வகுத்து, வர்க்கம் எடுத்து, 2.5ஆல் பெருக்குங்கள். வழக்கமான சிடி (காம்பாக்ட் டென்ஷன், விரிசலோடு இழுத்துப் பார்க்கும்) பீஸில் தடிமன், விரிசல் நீளம், விரிசலுக்கு முன்னால் மிச்சமிருக்கும் அகலம் மூன்றும் அதற்குக் குறையாமல் இருக்கட்டும். கேஐசி 50 மெகாபாஸ்கல் √மீட்டர், ஈல்டு 500 மெகாபாஸ்கல் என்றால் 0.025, அதாவது 25 மி.மீ. விடை மீட்டரில் வரும், இங்கேதான் நிறையப் பேர் தடுக்கி விழுகிறார்கள்.

சாதாரண மைல்டு ஸ்டீலுக்கு கேஐசி 150, ஈல்டு 250 என்று போட்டுப் பாருங்கள், 900 மி.மீ.! அந்தத் தடிமனுக்கு எங்கே போவது? அதற்கு ஏஎஸ்டிஎம்மின் ஈ1820 முறையில் ஜே-இன்டெக்ரல் சோதனைதான் (விரிசல் வளரத் தேவையான ஆற்றலை அளப்பது) சரி, அதே ஸ்டீலுக்குச் சில மில்லிமீட்டர் தடிமனே போதும். கேஐசி முன்கூட்டியே தெரியாதுதான், ஒத்த உலோகத்தின் மதிப்பைக் கொஞ்சம் கூட்டியே வைத்துக்கொள்ளுங்கள்.