எந்தப் புள்ளியைப் பொறுத்து? கோண உந்தக் கணக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு புள்ளியைப் பொறுத்து ஒரு பொருளுக்கு எவ்வளவு சுற்று இயக்கம் உண்டு என்பதைச் சொல்லும் அளவுதான் கோண உந்தம். வட்டத்தில் சுற்றினால்தான் அது உண்டு, நேராகப் போகும் பொருளுக்குக் கிடையாது என்று பலரும் நினைக்கிறார்கள். இந்த எண்ணத்தை முதலில் விட்டுவிட வேண்டும்.

2 கிலோ நிறையுள்ள பொருள் வினாடிக்கு 3 மீட்டர் வேகத்தில் நேர்கோட்டில் போகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கோட்டிலிருந்து 4 மீட்டர் தள்ளியிருக்கும் புள்ளியைப் பொறுத்து அதன் கோண உந்தம் 2 × 3 × 4 = 24 கிகி மீ²/வி. கோட்டுக்கு மறுபக்கம் அதே தூரத்தில் புள்ளியை எடுத்தால் அளவு அதே 24தான், திசை நேர் எதிர். கோட்டின் மேலேயே புள்ளியை வைத்தால் சுழி. ஆக, புள்ளியைச் சொல்லாமல் "24" என்று மட்டும் எழுதினால் அது பாதி விடைதான்.

இங்கே 4 மீட்டர் என்பது செங்குத்துத் தொலைவு. பொருள் சற்று நகர்ந்து, புள்ளியிலிருந்து 5 மீட்டரில் இருக்கும்போது 2 × 3 × 5 = 30 என்று போடுவது தவறு. தூரம் கூடக் கூட, புள்ளியிலிருந்து பொருளுக்குப் போகும் கோட்டுக்கும் பொருள் நகரும் திசைக்கும் இடையிலான கோணத்தின் சைன் மதிப்பு குறைந்துகொண்டே வரும். இரண்டின் பெருக்கல் 4 மீட்டரிலேயே நிற்கும்.

அடுத்த தவறுதான் மோசமானது: திருப்பு விசையை (கோண உந்தத்தை மாற்றுகிற, விசையின் திருப்பும் விளைவை) ஒரு புள்ளியைப் பொறுத்தும், கோண உந்தத்தை வேறொரு புள்ளியைப் பொறுத்தும் கணக்கிடுவது. கூம்பு ஊசலைப் பாருங்கள். நூலில் கட்டிய குண்டு கிடைமட்ட வட்டத்தில் சீரான வேகத்தில் சுற்றுகிறது. குண்டின் மீதான மொத்த விசை வட்ட மையத்தை நோக்கியே இருப்பதால், மையத்தைப் பொறுத்துத் திருப்பு விசை சுழி; கோண உந்தம் மாறாது. நூல் கட்டிய மேல் புள்ளியைப் பொறுத்துப் பார்த்தால் கதையே வேறு. நூலின் இழுவிசை அந்தப் புள்ளி வழியாகவே போகிறது. ஆனால் குண்டின் எடைக்குத் திருப்பு விசை உண்டு. அதனால் கோண உந்தத்தின் அளவு மாறாவிட்டாலும், குண்டோடு சேர்ந்து அதன் திசை சுற்றிக்கொண்டே இருக்கும். அளவு மாறவில்லை என்பதை மட்டும் பார்த்து "கோண உந்தம் மாறவில்லை" என்று எழுதுபவர்கள் நிறைய. அளவும் திசையும் சேர்ந்த வெக்டரில் திசை மாறினாலும் மாற்றம்தான்.

உருளும் சக்கரத்திலும் கவனம் வேண்டும். நிறை மையத்தைப் பொறுத்து, சக்கரம் தன்னைத்தானே சுற்றுவதால் வரும் சுழற்சிப் பங்கு மட்டும் போதும். தரையில் சக்கரம் உருளும் கோட்டிலுள்ள ஒரு புள்ளியைப் பொறுத்தால், நிறை, வேகம், ஆரம் மூன்றின் பெருக்கலையும் அதனுடன் கூட்ட வேண்டும்.

அப்படியானால் புள்ளியைப் பற்றிக் கவலைப்படாமல் இருக்கவே முடியாதா? ஒரே ஒரு நிலையில் முடியும்: அமைப்பின் மொத்த நேர்கோட்டு உந்தம் (நிறை × திசைவேகம்) சுழியாக இருக்கும்போது. சமநிலையோடு சுற்றும் சீலிங் ஃபேன் இறக்கைகளின் கோண உந்தத்தை ஃபேனின் மையத்தைப் பொறுத்துக் கணக்கிட்டாலும், அறையின் மூலையைப் பொறுத்துக் கணக்கிட்டாலும் விடை ஒன்றே.