சீட்டுக்கட்டை வைத்துத் தற்செயலை அளப்பது எப்படி

வகுப்பில் புள்ளியியல் சூத்திரத்தைத் தொடும் முன் மாணவர்களோடு இந்தப் பயிற்சியைச் செய்துவிடுங்கள். இரண்டு பேருக்கு ஒரு சீட்டுக்கட்டு, ஒரு கரும்பலகை, ஒரு பாடவேளை போதும்.

1970களில் அமெரிக்காவில் பென்சன் ரோசன், தாமஸ் ஜெர்டி இருவரும் நடத்திய ஆய்வின் எண்கள் இதற்குப் பொருத்தம். 48 ஆண் வங்கி மேற்பார்வையாளர்களிடம் ஒரே ஊழியர் கோப்பைக் கொடுத்தார்கள். 24 கோப்பில் ஆண் பெயர், 24ல் பெண் பெயர். யாருக்கு எது என்பது குலுக்கல்படி. பதவி உயர்வு கிடைத்தது ஆண் பெயரில் 21 கோப்புக்கு, பெண் பெயரில் 14க்கு.

பாரபட்சமா, தற்செயலா? ஒவ்வொருவரும் தன் ஊகத்தை முதலில் நோட்டில் எழுதட்டும். எழுத வைக்காவிட்டால், கடைசியில் எல்லாருமே 'அப்பவே தெரியும்' என்பார்கள்.

இனி சீட்டு. இஸ்பேட் 13ஐயும் அப்படியே வைத்து, மற்றதில் ஏதாவது 4ஐ எடுத்துவிடுங்கள். மீதி 48. இஸ்பேட் என்றால் பதவி உயர்வு மறுக்கப்பட்ட கோப்பு, மற்ற 35ம் கிடைத்தவை. நன்றாகக் கலைத்து 24 சீட்டை எண்ணி எடுங்கள். அதுதான் ஆண் பெயர்க் குவியல். அதில் எத்தனை இஸ்பேட் என்று மட்டும் பார்த்தால் போதும், மீதி 24ஐ எண்ணவே வேண்டாம். உண்மை ஆய்வில் இந்த எண் 3.

ஏன் கலைக்கிறோம் என்பதுதான் பலருக்கும் பிடிபடாத இடம். பெயரைப் பார்க்காமலே முடிவெடுத்திருந்தால் அந்த 13 பேரும் எந்தப் பெயர் இருந்தாலும் மறுத்திருப்பார்கள்; எந்தக் கோப்பு யார் கைக்குப் போனது என்பது மட்டுமே அதிர்ஷ்டம். அந்த அதிர்ஷ்டத்தைத்தான் கை மறுபடி மறுபடி செய்து பார்க்கிறது. இதை இரண்டு முறை சொல்லுங்கள், அவசரப்படாதீர்கள்.

15 ஜோடி, ஆளுக்குப் பத்து தடவை இல்லை, ஜோடிக்குப் பத்து தடவை: மொத்தம் 150. பலகையில் 0 முதல் 13 வரை கோடு போட்டு, ஒவ்வொரு முடிவுக்கும் ஒரு புள்ளி வையுங்கள். ஏறக்குறையப் பாதிப் புள்ளிகள் 6லும் 7லும் குவியும். 3 அல்லது அதற்குக் கீழே விழுவது சுமார் 2.5 சதவீதம், அதாவது 150ல் மூன்று நான்கு. வெறும் தற்செயலில் ஆய்வின் 3 வருவது அபூர்வம் என்று பொருள்.

பலகையில் புள்ளிகள் குவியும் இடம் மாறினால் கலைத்ததில்தான் கோளாறு. எண்ணிய இஸ்பேட்களைச் சேர்த்தே கட்டில் வைத்து இரண்டு முறை புரட்டினால் அவை பிரியாது. மேசையில் கவிழ்த்துப் பரப்பி, இரு கையாலும் துழாவச் சொல்லுங்கள்.

மாணவர்கள் 'சரியாக 3' என்பதை மட்டும் எண்ணுவார்கள். அதைவிடக் குறைந்தவையும் சேர வேண்டும். 'பாரபட்சம் இல்லாமலிருக்க 2.5 சதவீதம்தான் வாய்ப்பு' என்பதும் தவறு. பாரபட்சமே இல்லை என்று வைத்துக்கொண்டால் இவ்வளவு வேறுபாடு வர எவ்வளவு வாய்ப்பு என்பதைத்தான் புள்ளிகள் காட்டுகின்றன. பெயரே காரணம் என்று சொல்லும் தைரியம், கோப்புகளைக் குலுக்கிக் கொடுத்ததால் வந்தது. ஒரு அலுவலகத்தின் பழைய பதிவேட்டை எடுத்து இதையே செய்தால் அந்தத் தைரியம் கிடையாது.

நேரம் மிஞ்சினால், பதவி உயர்வு ஆண் பெயரில் 19, பெண் பெயரில் 16 என்றிருந்தால் என்ன ஆகும் என்று கேளுங்கள். மறுபடி கலைக்க வேண்டாம். பலகையிலேயே 5ம் அதற்குக் கீழும் உள்ள புள்ளிகளை எண்ணினால் நான்கில் ஒரு பங்கு வரும்.