எக்குவடார் கார்னிவலுக்குப் போகும் நீலகிரிக்காரர்களுக்கு

தென் அமெரிக்க நாடான எக்குவடாரின் பரப்பு தமிழ்நாட்டைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்குதான். பசிபிக் கடற்கரை, ஆண்டீஸ் மலை, அமேசான் காடு மூன்றும் அதற்குள்ளேயே. இரண்டு வாரத்தில் எல்லாவற்றையும் பார்க்கக் கிளம்பினால் பாதி நாள் பஸ்ஸிலேயே போய்விடும். ஒரு திருவிழாவைப் பிடித்துக்கொண்டு, அதையொட்டி ஊர்களைக் கோத்துக்கொள்ளுங்கள். முதல்முறை போகிறவர்களுக்குக் கார்னிவல், அதாவது கிறிஸ்தவர்களின் தவக்காலத்துக்கு முந்தைய கொண்டாட்டம், சரியாக இருக்கும். ஈஸ்டருக்கு 47 நாள் முந்தைய செவ்வாயோடு முடியும். 2027-இல் பிப்ரவரி 9.

இந்தியர்களுக்கு விசா கட்டாயம். அமெரிக்கா வழி டிக்கெட் மலிவாகத் தெரிந்தாலும், விமானம் மாற மட்டும் இறங்குவதற்கே அந்த நாட்டு விசாவும் வேண்டும். விசாவைவிடப் பலர் கோட்டைவிடுவது மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியை. போகும்போது யாரும் கேட்காமல் விடலாம். திரும்பி வரும்போது இந்திய விமான நிலையத்தில் சான்றிதழ் கேட்பார்கள். இல்லாவிட்டால் 6 நாள் வரை தனிமையில் வைக்கலாம். போட்டு 10 நாள் கழித்தே சான்றிதழ் செல்லும். சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். நாளும் நேரமும் விசாரித்துவிட்டுக் கீழே இறங்குங்கள். முட்டை ஒவ்வாமை உள்ளவர்களும் அறுபதைத் தாண்டியவர்களும் முதலில் டாக்டரைக் கேட்க வேண்டும்.

"நமக்கென்ன, மலையிலேயே பிறந்தவங்க" என்ற தெம்பு தலைநகர் கிட்டோ வரைக்கும்தான். ஊட்டி 2,240 மீட்டர், கிட்டோ 2,850. முதல் இரண்டு நாள் மெதுவாக நடந்து, நிறையத் தண்ணீர் குடித்து, மதுவைத் தவிர்த்தால் பெரும்பாலும் சமாளித்துவிடலாம். கோட்டோபாக்சி எரிமலையின் மலைக் குடில் 4,800 மீட்டருக்கும் மேலே; வந்த மறுநாளே அங்கே ஏறுவதுதான் பயணத்தைக் கெடுக்கும். தலைவலியோடு குமட்டலும் சேர்ந்தால் அதற்கு மேல் ஏறாதீர்கள். குறையவில்லை என்றால் உடனே இறங்கிவிடுங்கள். வெயிலையும் குறைத்து எடைபோட வேண்டாம். நிலநடுக்கோட்டில் சூரியன் உச்சந்தலைக்கு மேல் நிற்கும். மேகம் மூடியிருந்தாலும் காதும் மூக்கும் தோலுரிந்துவிடும். தொப்பியும் சன்ஸ்கிரீனும் வேண்டும்.

கார்னிவலுக்கு இரண்டு ஊர்கள், இரண்டு குணம். அம்பாட்டோவில் பூ, பழத் திருவிழா. 1949 பூகம்பத்தில் நொறுங்கிய ஊர் மறுபடி எழுந்து நிற்க 1951-இல் தொடங்கியது. தேவாலய முகப்பில் பழத்தாலும் பூவாலும் ரொட்டியாலும் சித்திரம் அமைப்பார்கள். ஞாயிறு காலை ஊர்வலம். சிம்ஸ் பார்க் பழக்கண்காட்சி பார்த்துப் பழகியவர்கள் அந்த முகப்பை விட்டு நகரவே மாட்டார்கள். அம்பாட்டோவில் அறை கிடைக்காவிட்டால் கவலை இல்லை. சுமார் 40 கிலோமீட்டரில் பாஞோஸ். குன்னூர் உயரம்தான் என்பதால் தூக்கமும் நன்றாக வரும்.

குவாரண்டாவில் கதையே வேறு. தண்ணீர், மாவு, கரியோகா என்கிற நுரை ஸ்ப்ரே எல்லாம் மேலே விழும். தெருவில் நின்றால் ஆட்டத்தில் சேர்ந்தாயிற்று என்று அர்த்தம். வேண்டாம் என்றால் யார் காதிலும் விழாது. நம் ஊர் மழைக்கோட்டே போதும். போனை ஜிப் உறையில் போட்டுக் கழுத்தில் மாட்டி, கோட்டுக்குள் விட்டுக்கொள்ளுங்கள். கான்டாக்ட் லென்ஸைக் கழற்றிவிட்டுச் சாதாரணக் கண்ணாடி அணியுங்கள். நுரை கண்ணில் பட்டால் தேய்க்காமல் வெறும் தண்ணீரில் கழுவ வேண்டும். அம்பாட்டோவிலிருந்து வரும் பாதை சிம்பொராசோ எரிமலை அருகே 4,000 மீட்டரைத் தாண்டுகிறது. வயிறு முட்டத் தின்றுவிட்டு ஏறாதீர்கள்.

சைவர்கள் 'சின் கார்னே' (இறைச்சி இல்லாமல்) என்று மட்டும் சொன்னால் கோழி வரலாம். 'சின் பொயோ, சின் பெஸ்காடோ' (கோழி இல்லாமல், மீன் இல்லாமல்) என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். லொக்ரோ என்ற உருளைக்கிழங்கு சூப்பும், யாபிங்காச்சோ என்ற உருளைக்கிழங்கு அடையும் நம்பிச் சாப்பிடலாம். ஆனால் சூப்பின் அடிச்சாறு கறியில் எடுத்ததா என்று கேட்டுவிடுங்கள். கேத்தி உருளைக்கிழங்கின் பூர்வீகம் இந்த மலைகள்தான்.

2000 முதல் அங்கே அமெரிக்க டாலர்தான் பணம். 50, 100 நோட்டை வாங்கப் பல கடைகள் மறுக்கும். 1, 5 டாலராகவும் காசாகவும் வைத்திருங்கள். பஸ்ஸில் பையை மேல் தட்டிலோ காலடியிலோ வைத்தால் அது உங்களுடையது அல்ல. மடியில்தான் இருக்க வேண்டும். இரவு பஸ் வேண்டாம். கடற்கரை மாகாணங்களில் அவசரநிலையும் ஊரடங்கும் அடிக்கடி வருவதால், துறைமுக நகரான குவாயாகில் வழி போவதற்கு முன் அன்றைய நிலவரம் பாருங்கள். செவ்வாய் மாலை எல்லோரும் ஒரே நேரத்தில் கிட்டோவுக்குத் திரும்புவார்கள். புதன் மதியத்துக்குக் கிளம்பினால் உட்கார இடமாவது கிடைக்கும்.