யாருக்காகச் செய்த போன்? வாங்கும் முன் கண்டறியும் வழி

ஸ்மார்ட்போன் நிறுவனங்கள் ஒவ்வொரு வசதியையும் துருவிப் பயன்படுத்தும் பவர் யூசர்களின் விருப்பத்துக்குச் செவிசாய்க்க வேண்டுமா, பெருவாரியான வாடிக்கையாளர்களின் எளிய தேவைகளோடு நின்றுவிடலாமா என்ற விவாதம் ஆண்டுதோறும் நடக்கிறது. பவர் யூசர்கள் கேட்பவற்றில் பெரும்பகுதி, குறைந்த பணத்தில் ஒரு போனை நெடுநாள் வைத்திருக்க வேண்டிய சாதாரண மனிதருக்கே கூடுதலாகப் பயன்படுகிறது என்பது என் உறுதியான கருத்து. ஆகவே, "நான் சாதாரணப் பயனர்தானே" என்று சொல்லிக்கொண்டு, கொடுத்ததை வாங்கி வராமல் கீழ்க்கண்டவற்றைப் பாருங்கள்.

முதலில் இப்போது கையில் இருக்கும் போனின் அமைப்புகளைத் திறந்து, சேமிப்பகத்தில் எவ்வளவு நிறைந்திருக்கிறது, பேட்டரியை எந்தச் செயலிகள் தின்கின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள். விளம்பரம் எழுப்பும் ஆசைகளைவிட இந்த இரண்டு விவரங்களும் உங்கள் தேவையை நேர்மையாகச் சொல்லும். 128 ஜிபி போனில் குடும்பப் படங்களும் வாட்ஸப் காணொளிகளுமாக நிறைந்திருந்தால், உங்களுக்குத் தேவை வேகமான சிப் அல்ல, கூடுதல் இடம்.

அடுத்து, நீங்கள் வாங்க நினைக்கும் மாடலை அதற்கு முந்தைய மாடல்களோடு ஒப்பிட்டு, எவை நீக்கப்பட்டன என்று தேடுங்கள். புதிதாகச் சேர்ந்தவற்றை நிறுவனமே சொல்லிவிடும். நீக்கப்பட்டவற்றை நாம்தான் தேட வேண்டும். சாம்சங் கேலக்ஸி எஸ் வரிசை இதற்கு நல்ல பாடம். 2014-இல் வந்த எஸ்5-இன் பின்மூடியைக் கையாலேயே கழற்றிப் பேட்டரியை மாற்றலாம், மெமரி கார்டு போடலாம். அத்துடன் ஐபி67 தரத்தில் (தூசு, நீர் புகாமையைக் குறிக்கும் அளவீடு) அது நீரையும் தாங்கியது. 2015-இல் உலோகச் சட்டமும் கண்ணாடி முதுகுமாக வந்த எஸ்6-இல் இந்த மூன்றுமே இல்லை. வாங்கியவர்கள் குறைபட்டுக்கொண்ட பிறகு, 2016-இன் எஸ்7-இல் கார்டும் நீர்த்தடுப்பும் திரும்பின. கழற்றும் பேட்டரி மட்டும் திரும்பவில்லை. 2021-இன் எஸ்21-இல் கார்டுக்கான இடம் மீண்டும் எடுக்கப்பட்டது. அதே காலத்தில் அதே நிறுவனத்தின் விலை குறைந்த ஏ வரிசை மாடல்கள் பலவற்றில் அது தொடர்ந்து இருந்தது. கார்டு வசதி நிபுணர்களுக்கு மட்டுமே உரியது என்றால், அது விலை உயர்ந்த போன்களில் அல்லவா தங்கியிருக்க வேண்டும்? கார்டு இல்லாத போனில் கூடுதல் இடம் வேண்டுமானால் அதிக விலைக்கு விற்கும் 256 ஜிபி வகையைத்தான் வாங்க வேண்டும் என்ற கணக்கையும் சேர்த்துப் பார்த்தால், இது யாருக்கு ஆதாயம் என்பது தெளிவாகும்.

பேட்டரியைக் கழற்றும்படி செய்தால் நீர் புகுந்துவிடும் என்று கடைக்காரர் சொன்னால், எஸ்5-ஐ நினைவுபடுத்துங்கள். 2022-இல் வெளியான கேலக்ஸி எக்ஸ்கவர்6 புரோவிலும் கழற்றும் பேட்டரியும் ஐபி68 தரமும் ஒன்றாகவே இருக்கின்றன. ஆனால் அது களப்பணியாளர்களையும் நிறுவனங்களையும் குறிவைத்து விற்கப்படுவதால் சாதாரணக் கடைகளில் கண்ணில் படுவது அரிது.

வெளியே ஒன்றுபோல் தெரிந்து உள்ளே வேறுபடுபவற்றில் கவனம் வையுங்கள். 2023-இல் ஐபோன் 15, ஐபோன் 15 புரோ இரண்டுக்கும் யுஎஸ்பி-சி இணைப்புத் துளை வந்தது. சாதாரண 15-இல் அதன் உச்ச வேகம் நொடிக்கு 480 மெகாபிட். புரோவில் 10 கிகாபிட். 100 ஜிபி காணொளியைக் கணினிக்கு மாற்ற, காகிதக் கணக்கின்படியே முன்னதில் ஏறத்தாழ அரை மணி நேரமும் பின்னதில் ஒன்றரை நிமிடத்துக்கும் குறைவாகவும் ஆகும். அந்த வேகத்துக்கான கேபிளைப் புரோ வாங்கியவரும் தனியாகத்தான் வாங்க வேண்டும், ஏனெனில் பெட்டியில் வருவது 480 மெகாபிட் வேகத்துக்கான கேபிள். படங்களை இணையவழி மேகச் சேமிப்பில் மட்டும் வைப்பவருக்கு இந்த வேறுபாடு பொருட்டல்ல; திருமணங்களைப் படம் பிடித்துப் பிழைப்பவருக்கு இதுவே முடிவைத் தீர்மானிக்கும்.

மென்பொருளைப் பொறுத்தவரை, இரு தரப்பையும் ஒரே போனில் மதிக்க முடியும் என்பதற்குச் சான்றுகள் உண்டு. ஆண்ட்ராய்டில் 'பில்டு நம்பர்' என்ற வரியை ஏழு முறை தட்டினால்தான், நுட்பமான அமைப்புகள் அடங்கிய டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறக்கும். தேடாதவரை அது தொந்தரவு செய்வதில்லை, தேடுபவருக்கு மறுக்கப்படுவதும் இல்லை. சாம்சங்கில் எழுத்தையும் ஐகான்களையும் பெரிதாக்கும் ஈஸி மோடும் இருக்கிறது, திரையின் பல பகுதிகளை விருப்பம்போல் மாற்ற உதவும் குட் லாக் செயலியும் இருக்கிறது. கடையில் காட்சிக்கு வைத்திருக்கும் போனிலேயே இவற்றைத் தேடிப் பாருங்கள். நான் நிறுவனங்களிடம் எதிர்பார்ப்பது இந்த அமைப்பைத்தான்.

பூட்லோடரை, அதாவது போன் இயங்கத் தொடங்கும்போது இயங்குதளத்தை ஏற்றும் மென்பொருளின் பூட்டைத் திறந்து, வேறு இயங்குதளம் நிறுவும் எண்ணம் இருந்தால் மட்டும் இந்தப் பத்தி. திறக்கும்போது போனில் உள்ள தரவு முழுவதும் அழிந்துவிடும். வங்கிச் செயலிகள் சில வேலை செய்ய மறுக்கலாம். சாம்சங் போன்களில், திறக்க முடிந்தாலும், வேறு இயங்குதளம் நிறுவினால் நாக்ஸ் என்ற அந்நிறுவனத்தின் பாதுகாப்பு அமைப்பு மீள முடியாதபடி முறிந்துவிடும். கூகுள் பிக்சல் இதற்கு ஓரளவு இடம் கொடுக்கிறது, ஆனால் தொலைபேசிச் சேவை நிறுவனங்கள் வழியாக விற்கப்படும் சில பிக்சல்களில் திறக்க இயலாது.

நிறுவனத்தின் பழைய பெயரை நம்பி வாங்காதீர்கள். 2014-இல் ஒன்பிளஸ் ஒன், ஆண்ட்ராய்டை மாற்றியமைத்து உருவாக்கிய சயனோஜன் இயங்குதளத்துடன், அழைப்பு பெற்றவர்களுக்கு மட்டும் விற்கப்பட்டு, ஆர்வலர்களின் வாய்மொழியாலேயே பரவியது. 2020-இல் அதே நிறுவனம் பரந்த சந்தைக்கான நார்டு வரிசையைத் தொடங்கியது. 2021-இல் தன் இயங்குதளமான ஆக்சிஜன்ஓஎஸ்ஸின் அடித்தளத்தை ஒப்போ நிறுவனத்தின் கலர்ஓஎஸ்ஸுடன் இணைத்தது. வளரும் நிறுவனம் பெருஞ்சந்தையை நாடுவது இயல்பே, ஆயினும் அதைத் தூக்கிவிட்டவர்கள் கைவிடப்பட்டதாக உணர்ந்ததிலும் நியாயம் உண்டு.

இறுதியாக, பணம் கொடுக்கும் முன் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். பாதுகாப்புப் புதுப்பிப்பு எத்தனை ஆண்டுகள் வரும்? 2023-இன் பிக்சல் 8-க்கு ஏழு ஆண்டுகள் என்று கூகுள் அறிவித்திருப்பதால், அதை அளவுகோலாகக் கொள்ளலாம். உங்கள் ஊரிலோ பக்கத்து ஊரிலோ அசல் பேட்டரி மாற்றித் தரும் சேவை மையம் இருக்கிறதா, அதற்கு என்ன கட்டணம்? இந்த இரண்டுக்கும் தெளிவான பதில் கிடைக்காவிட்டால், கேமராவின் மெகாபிக்சல் எண்ணிக்கை எவ்வளவாக இருந்தாலும் அந்த மாடலைத் தவிர்த்துவிட்டு அடுத்ததைப் பாருங்கள்.