ஏலத்தில் வாங்கிய இறகு அலங்காரம் என்னவென்று கண்டுபிடிப்பது எப்படி?

இங்கிலாந்தில் ஒரு சிறிய ஏலத்தில், பழைய கையுறைகளும் பொத்தான்களும் நிறைந்த ஒரு பெட்டியை மொத்தமாக எடுத்தேன். அடியில் மூன்று வெள்ளை இறகுகள் ஒன்றாகக் கட்டிக் கிடந்தன. ஏலப் பட்டியலில் அதற்குப் பெயர்கூட இல்லை. அதைக் கண்டுபிடித்த விதத்தைப் படிப்படியாகச் சொல்கிறேன்.

படி 1: உதறாதீர்கள், கழுவாதீர்கள்

கையுறையும் முகக்கவசமும் போட்டுக்கொள்ளுங்கள். அந்தக் காலத்தில் பறவைத் தோலைப் பதப்படுத்த ஆர்சனிக் பூசுவார்கள். தலையோ முழுச் சிறகோ ஒட்டியிருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். வெள்ளைத் துணி விரித்து அதன்மேல் வைத்து, எல்லாப் பக்கமும் படம் எடுங்கள்.

படி 2: அடிப்பக்கத்தைப் பாருங்கள்

நம் கண் முதலில் இறகுக்குத்தான் போகும். ஆனால் உடம்பில் எங்கே அணிந்தார்கள் என்பதைச் சொல்வது அடிப்பக்கம்தான். நீளமான நாடாவைச் சுற்றி இறகு தைத்திருந்தால் அது கழுத்தில் போடும் போவா. குச்சிகளும் அவற்றைச் சேர்க்கும் ஆணியும் இருந்தால் விசிறி. நூல் சுற்றிய வெறும் கம்பி முனை என்றால் பெரும்பாலும் தொப்பியிலிருந்து பிரித்தது.

என்னுடையதில் ஒரு சிறிய சீப்பு இருந்தது. அப்படியானால் தலைமுடியில் செருகுவது. சீப்பு தந்தமா என்று பார்க்கச் சூடான ஊசியால் குத்தச் சொல்வார்கள். தயவுசெய்து வேண்டாம், தந்தம்போலத் தெரியும் பழைய பிளாஸ்டிக்கான செல்லுலாய்டாக இருந்தால் சட்டென்று தீப்பிடிக்கும். விரலால் நன்றாகத் தேய்த்து மோந்து பாருங்கள். கற்பூர வாசம் வந்தால் அது செல்லுலாய்டு. எனக்கு வந்தது.

படி 3: எந்தப் பறவை?

பறக்கும் பறவைகளின் சிறகு இறகில் நடுத்தண்டின் ஒரு பக்கம் குறுகலாக இருக்கும். தீக்கோழி இறகில் இரண்டு பக்கமும் ஒரே அகலம். இழைகளைப் பிணைக்கும் கொக்கிகளும் அதில் கிடையாது, அதனால்தான் அப்படித் துவண்டு ஆடுகிறது. லென்ஸ் வைத்துப் பாருங்கள்: இழை நுனிகளில் குட்டி முடிச்சுகள் தெரிந்தால், நீளம் கூட்டுவதற்காக ஒவ்வொரு இழையிலும் இன்னொன்றைக் கையால் முடிந்திருக்கிறார்கள். 1914-ல் தீக்கோழி இறகுச் சந்தை சரிவதற்குச் சற்று முன்பு கொடிகட்டிப் பறந்த வேலை அது.

மயிரிழைபோல மெல்லிய வெள்ளைத் தூவி என்றால் கொக்காக இருக்கலாம். இனப்பெருக்கக் காலத்தில் மட்டும் வளரும் அந்தத் தூவிக்காகக் கொக்குகளைக் கூட்டம் கூட்டமாகக் கொன்றார்கள், கூட்டில் குஞ்சுகள் பட்டினியில் செத்தன. இந்தியாவிலிருந்து இறகு ஏற்றுமதியை 1902-லேயே தடை செய்தார்கள். பிரிட்டன் இறக்குமதித் தடைச் சட்டம் கொண்டுவர 1921 ஆனது. எவ்வளவு பழையதானாலும் அமெரிக்காவில் கொக்குத் தூவியை விற்கக் கூடாது. விற்கும் எண்ணம் இருந்தால் உங்கள் ஊர்ச் சட்டத்தை முதலில் பாருங்கள்.

படி 4: எண்ணிப் பாருங்கள்

மூன்று தீக்கோழி இறகுகள், நடுவில் உள்ளது சற்று உயரம், அடியில் கிழிந்த வெள்ளை வலைத்துணி. வேல்ஸ் இளவரசரின் சின்னமும் இதே மூன்று இறகுதான். அப்போதுதான் பொறி தட்டியது: பிரிட்டிஷ் அரசவையில் பெண்களை மன்னருக்கோ அரசிக்கோ அறிமுகம் செய்யும் நாளில் அணியும் தலையலங்காரம் இது! விக்டோரியா காலத்தில் மணமானவர்களுக்கு மூன்று இறகு, மணமாகாதவர்களுக்கு இரண்டு. பிற்பாடு எல்லோருக்கும் மூன்று. இரண்டாம் உலகப் போருக்குப் பின் இறகு போனது, அந்த அறிமுகச் சடங்கும் 1958-ல் முடிந்தது. எனவே என்னுடையது போருக்கு முந்தியது. அந்த வெள்ளை வலைத்துணியும் இந்த அலங்காரத்தின் ஒரு பகுதிதான். அழுக்குத் துணிதானே என்று அதை வெட்டியிருந்தால் பெரிய தடயமே போயிருக்கும்.

படி 5: பத்திரப்படுத்துங்கள்

இறகு மட்டும் என்றால் பிளாஸ்டிக் பையில் இறுக மூடி, வீட்டு ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள், பூச்சி சாகும். வெளியே எடுத்ததும் குளிர் முழுதாக விட்ட பிறகே பையைத் திறக்க வேண்டும். செல்லுலாய்டு ஒட்டியிருந்தால் ஃப்ரீசர் வேண்டாம். நான் அமிலமில்லாத காகிதத்தில் படுக்க வைத்து, காற்றுப் புகும் அட்டைப்பெட்டியில் வைத்திருக்கிறேன். வாரம் ஒருமுறை திறந்து, பூச்சி அரித்த தூள் புதிதாக உதிர்ந்திருக்கிறதா என்று பார்க்கிறேன்.