412 யாருடைய எண்? வாய்ஸ்மெயில் சர்வர்களை இணைப்பதில் நடக்கும் தவறுகள்

கிளைக்கு ஒன்றாக ஓடிக்கொண்டிருந்த வாய்ஸ்மெயில் சர்வர்களை ஒன்றோடொன்று கோப்பது, திட்டத்தாளில் பார்த்தால் அரை நாள் வேலை. இதில் புதிதாக இறங்குகிறவர்கள், பழைய ஆட்கள் விழுந்து எழுந்த அதே பள்ளங்களில் விழுகிறார்கள். பாஸ்வேர்டை மாற்றாதது, பேக்கப் எடுக்காதது, ஃபயர்வாலில் போர்ட் திறக்க மறந்தது போன்றவற்றை இங்கே விட்டுவிடலாம். அவை முதல் நாளே தாமாகக் காட்டிக்கொடுத்துவிடும். சத்தமில்லாமல் கெடுக்கிறவைதான் கவலைக்குரியவை.

எண்களை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்பது

எத்தனை முறை சொன்னாலும் மீண்டும் மீண்டும் நடக்கும் தவறு இது. கிளை ஒவ்வொன்றிலும் 200 முதல் 599 வரை மூன்று இலக்க எக்ஸ்டென்ஷன்கள், அதாவது அலுவலகத்துக்குள் அழைக்கும் உள் எண்கள். தனித்தனியாக இருந்தவரை தொல்லை இல்லை. இணைத்த நாளிலிருந்து 412 என்ற எண்ணுக்கு இரண்டு பேர் சொந்தக்காரர்கள்.

முதல் கிளையின் 412 கொள்முதல் பிரிவு. இரண்டாம் கிளையின் 412 மனிதவள அதிகாரி என்று வைத்துக்கொள்வோம். அந்த அதிகாரி முதல் கிளையின் 305-க்குச் சம்பளத் தகராறு பற்றி ஒரு செய்தி அனுப்புகிறார். 305 கேட்கிறார், பதில் அனுப்பும் விசையை அழுத்துகிறார், பேசுகிறார். முதல் கிளையின் சர்வர் முதலில் தன் சொந்த டைரக்டரியை (எண் பட்டியலை) பார்க்கும், 412 அங்கேயே இருக்கிறது, வேலை முடிந்தது. பதில் கொள்முதல் பிரிவுக்குப் போய்விடும். பிழைச் செய்தி எதுவும் வராது, சர்வரின் பதிவேடான லாகிலும் சிவப்பு வரி இருக்காது. இயந்திரத்தைப் பொறுத்தவரை செய்தி ஒழுங்காகச் சேர்ந்துவிட்டது.

வாய்ஸ் செய்திகளை மின்னஞ்சலாக அனுப்பும் வி.பி.ஐ.எம். முறை வழியாக இணைத்தால் அனுப்புகிறவர் முகவரியில் எண்ணோடு டொமைனும் வரும், அதனால் தப்பிக்கலாம் என்பார்கள். டொமைன் கலையாமல் வந்து சேர்ந்தால் சரி. எல்லாக் கிளைக்கும் ஒரே டொமைன் வைத்திருந்தாலோ, நடுவில் மடலை வாங்கிக் கடத்திவிடும் சர்வரான மெயில் ரிலே டொமைனை மாற்றி எழுதினாலோ, மிஞ்சுவது வெறும் 412தான்.

இணைப்பதற்கு முன் செய்ய வேண்டியது: கிளைக்கு ஒரு குறியீடு. 71, 72, 73 என்று வையுங்கள். முழு எண் 71412, 72412 ஆகிவிடும். குறியீட்டின் முதல் இலக்கத்தில் எந்த எக்ஸ்டென்ஷனும் தொடங்கக் கூடாது. 7-இல் தொடங்கும் உள் எண் ஒன்றே ஒன்று இருந்தாலும், பயனர் 7 அழுத்தியதும் சர்வர் அடுத்த இலக்கத்துக்குக் காத்திருப்பதா முடிப்பதா என்று குழம்பும். எல்லாக் குறியீடுகளும் ஒரே நீளம் இருக்கட்டும். ஒரு கிளைக்கு 7, இன்னொன்றுக்கு 71 என்று வைத்தால் அதே குழப்பம். பத்துக்கு மேல் கிளைகள் வரும் என்றால் இப்போதே மூன்று இலக்கம். மெயில்பாக்ஸின் முதன்மை எண்ணாக 71412-ஐயே பதியுங்கள். 412 அந்தக் கிளைக்குள் மட்டும் செல்லும் மாற்று எண்ணாக இருக்கட்டும். அழைப்பதற்கும் செய்தி அனுப்புவதற்கும் ஒரே எண் என்பது இன்னும் முக்கியம். இரண்டு எண்களை மனப்பாடம் செய்ய யாரும் தயாராக இல்லை.

இரட்டை எண்களைக் கண்டுபிடிக்க, ஒவ்வொரு சர்வரிலிருந்தும் பட்டியலை சி.எஸ்.வி. கோப்பாக எடுத்து, ஒரே தாளில் ஒட்டி, எண் வரிசைப்படுத்திப் பாருங்கள். பலர் பயனர் பட்டியலோடு நிறுத்திவிடுகிறார்கள். குழுப் பட்டியல்கள், தானியங்கி மெனுக்கள், மீட்டிங் அறைகள் ஆகியவற்றுக்கும் எண் உண்டு. மோதல் பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

பிறகு மாற்றினால் என்ன? பயனர்கள் தாங்களே சேர்த்து வைத்த குழுக்கள், கால் ஃபார்வர்ட் இலக்குகள், புதிய செய்தி வந்ததைக் காட்டும் போன் விளக்கை ஏற்றும் எண், பக்கத்து சர்வர்களுக்கு ஏற்கெனவே பரவிவிட்ட டைரக்டரி வரிகள் எல்லாமே பழைய எண்ணைப் பிடித்துக்கொண்டிருக்கும். சில சிஸ்டங்களில் எண்ணை மாற்ற மெயில்பாக்ஸையே புதிதாக உருவாக்க வேண்டும். பழைய செய்திகள் போய்விடும்.

ஐந்து வினாடிச் செய்தியில் சோதிப்பது

"ஹலோ டெஸ்ட்" எப்போதும் போய்ச் சேரும். கணக்கைப் பாருங்கள்: 16 பிட், 8,000 ஹெர்ட்ஸ் பி.சி.எம். (சுருக்காத) ஒலிக்கு வினாடிக்கு 16,000 பைட். 10 நிமிடத்துக்கு 96 லட்சம். மின்னஞ்சல் நெறிமுறையான எஸ்.எம்.டி.பி.யில் அனுப்ப, பேஸ்64 என்ற எழுத்து வடிவம் ஆக்கினால் மூன்றில் ஒரு பங்கு கூடி, 128 லட்சம். நடுவில் இருக்கும் ரிலே போஸ்ட்ஃபிக்ஸ் என்ற மெயில் மென்பொருளாக இருந்தால் அதன் இயல்பான உச்ச வரம்பு 1,02,40,000 பைட். ஆக, சின்னச் செய்தி போகும். மேலாளரின் நீண்ட செய்தி மட்டும் திரும்பும். ஒலியைச் சுருக்கும் முறை ஜி.711 ஆனால் இதில் பாதி, வி.பி.ஐ.எம்.-இன் வழக்கமான 32 கே ஜி.726 ஆனால் கால் பங்கு. சிஸ்டம் அனுமதிக்கும் மிக நீளமான செய்தியை அனுப்பிச் சோதியுங்கள்.

அந்த ரிலேயிலேயே, வெளியே போகும் மடல்களின் அடியில் சட்ட அறிவிப்பு ஒட்டும் வழக்கம் இருந்தால், சர்வர்களுக்கு இடையிலான போக்குவரத்தை அதிலிருந்து விலக்குங்கள். ஒட்டிய வரி வாய்ஸ் செய்தியின் மைம் அமைப்பை (மடலின் பகுதிகளை அடுக்கும் முறையை) கலைத்துவிடும். எதிர்முனை அதை வாய்ஸ் செய்தியாகவே ஏற்காமல் போகலாம்.

'அனைவரும்' பட்டியலுக்குள் இன்னொரு 'அனைவரும்'

முதல் சர்வரின் பட்டியலில் இரண்டாவதன் பட்டியல் உறுப்பினர். இரண்டாவதில் முதலாவது உறுப்பினர். ஒரே ஓர் அறிவிப்பு டிஸ்க் நிரம்பும்வரை சுற்றும்.

எல்லாவற்றையும் எல்லாவற்றோடும் கட்டுவது

4 சர்வர்களுக்கு 6 இணைப்பு. 10 சர்வர்களுக்கு 45. ஒன்றை மையமாக்குங்கள், 9 போதும்.

கடிகாரம்

எல்லா சர்வர்களும் நேரத்தை ஒரே என்.டி.பி. (நேரம் தரும்) சர்வரிலிருந்து எடுக்கட்டும். விவாதம் வேண்டாம்.

ஜி.729-இல் பட்டன் ஒலி

கிளைகளுக்கு இடையே அலைவரிசையை மிச்சப்படுத்த, பேச்சை மிகவும் சுருக்கும் ஜி.729 வைத்தால், ஒலியோடு சேர்ந்து போகும் டி.டி.எம்.எஃப். (பட்டன் ஒலி) சிதையும். பயனர் பின் எண்ணைச் சரியாக அழுத்தியும் "தவறான எண்" என்று வரும். பட்டன் ஒலியை ஆர்.எஃப்.சி. 4733 என்ற தரநிலையின் முறையில் தனியாக அனுப்புங்கள்.

அணையாத விளக்கு

ஆளை ஒரு கிளையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போது பழைய மெயில்பாக்ஸை அப்படியே அழித்துவிடுகிறார்கள். கேட்காத செய்தி ஒன்று உள்ளே இருந்திருந்தால், போனில் விளக்கு எரிந்தபடியே நிற்கும். 'செய்தி இல்லை' என்று போனுக்கு நோட்டிஃபை (அறிவிப்பு) அனுப்ப வேண்டிய மெயில்பாக்ஸே இப்போது இல்லையே. முதலில் செய்திகளை எடுத்துவிடுங்கள், விளக்கு அணைந்ததைப் பாருங்கள், அப்புறம் அழியுங்கள், அதன்பின் புதிய சர்வரில் உருவாக்குங்கள். ஏற்கெனவே மாட்டிக்கொண்டிருந்தால், பழைய சர்வரில் அதே எண்ணில் ஒரு வெற்று மெயில்பாக்ஸ் உருவாக்கி, ஒரு செய்தி விட்டு, அதைக் கேட்டு அழித்தால் அணையும்.